துண்டும் அனுமதிப்பத்திரமும்: மென்பொருள் உடைமை விவாதம் பற்றி மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆம் உறுப்புரை, கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளாகக் கொண்டு பாதுகாத்தல் வேண்டும் என விதிக்கின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நிரல்களை நூல்களோடும் ஏனைய எழுத்தாக்கங்களோடும் ஒரே வரிசையில் வைத்தே நோக்குகின்றது. சட்டத்தின் கண்ணில் நிரல் ஓர் இலக்கியப் படைப்பாயின், அது யாருக்கு உடைமையாதல் வேண்டும் என்ற விவாதத்தைப் பொறியியலாளருக்கும் வணிகருக்குமே உரியதென விட்டுவிட்டு இலக்கியத் திறனாய்வாளர் ஒதுங்கியிருத்தல் பொருந்தாது. எழுத்து, ஆசிரியன், படி, மூலம், திருத்தம், உரிமை ஆகிய இவ்விவாதத்தின் மையச் சொற்கள் யாவும் நமது துறையினுள் நெடுங்காலம் ஆராயப்பட்டவை.

தனியுடைமை மென்பொருளா, திறந்தமூல மென்பொருளா என்ற வினா நமது நாட்டில் எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் விலை பற்றிய வினாவாகவே சுருங்கிவிடுகின்றது. ஒரு சாரார், திறந்தமூலம் இலவசமானது, ஆகவே வறிய நாட்டுக்கு உகந்தது என்பர். மறுசாரார், பயிற்சி, பராமரிப்பு, மாற்றத்தின் சிரமம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் இலவசம் என்பது பொய்த்தோற்றம் என்பர். இரு சாராரும் ஒரே தராசையே கையிற் பிடித்திருக்கின்றனர். விலை என்பது உடைமை உறவின் வெளித்தோற்றம் மாத்திரமே என்பதும், நுழைவதற்கு எவ்வளவு கொடுக்கின்றோம் என்பதைக் காட்டிலும் வெளியேறுவதற்கு எவ்வளவு கொடுக்க நேரும் என்பதே உடைமையின் தன்மையைத் தெளிவாகப் புலப்படுத்தும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இக்கருத்தை நிறுவ மூன்று ஆவணங்களை இலக்கிய நோக்கில் வாசிக்கின்றோம்: பில் கேற்ஸ் 1976இல் எழுதிய பகிரங்கக் கடிதம், றிச்சர்ட் ஸ்டோல்மன் 1985இல் வெளியிட்ட குனூ அறிக்கை, பெரு நாட்டுக் காங்கிரஸ் உறுப்பினர் எட்கார் வில்லனுவேவா 2002இல் எழுதிய மறுமொழிக் கடிதம்.

இவ்வாசிப்புக்கு மாத்தளை மாவட்டத்தைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பொதுவில் அனுபவிக்கப்பட்டது தனியுடைமையாக்கப்பட்ட வரலாறு, கடன் எழுதிய தாள் ஒன்றினால் மனிதர் கட்டுண்ட வரலாறு, படியெடுத்தலினால் ஓர் எழுத்து மரபு நிலைத்த வரலாறு ஆகிய மூன்றும் இம்மாவட்டத்தில் நிகழ்ந்தவை. மென்பொருள் விவாதத்தின் மூன்று முக்கிய சிக்கல்களும் இவற்றோடு நேரே ஒப்புநோக்கத்தக்கவை.

1. கட்டளைச்சட்டமும் கடிதமும்

1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச்சட்டம், காடுகளும் தரிசு நிலங்களும் குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என அறிவித்தது. கண்டிப் பிரதேசங்களில் சேனை நிலங்களும் இவ்வனுமானத்துள் அடங்கின. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழற்சியாகப் பயிரிடப்பட்டு, இடைக்காலத்திற் காடாக விடப்படும் சேனை, வழக்காற்றினால் அனுபவிக்கப்பட்டதேயன்றி உறுதிப்பத்திரத்தினால் அன்று. மன்னனின் சன்னசோ வரி செலுத்திய பதிவோ காட்ட இயலாத குடியானவன் தன் பாட்டன் பயிரிட்ட நிலத்திலேயே அத்துமீறியவனானான். அந்நிலம் 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் குடியேற்ற அரசின் உயர் அலுவலர்களும் இருந்தனர்.

இந்நிகழ்வின் சாரத்தை அதே காலத்திற் பிறிதோரிடத்தில் இளம் மார்க்ஸ் கண்டுணர்ந்தார். ரைன் மாகாணச் சட்டமன்றம் காட்டில் உதிர்ந்த சுள்ளி பொறுக்குதலைத் திருட்டாக்க முற்பட்டதைக் கண்டித்து 1842இல் அவர் எழுதிய கட்டுரைகள் யாவரும் அறிந்தவை. வழக்காறு குற்றமாக மாறும் அக்கணத்தில் மாறுவது மக்களின் ஒழுக்கமன்று, சட்டத்தின் வரையறையே என்பது அக்கட்டுரைகளின் உட்கிடை.

இப்பின்னணியிற் பில் கேற்சின் கடிதத்தை வாசிப்போம். 1976 பெப்ரவரி 3ஆம் திகதியிட்ட அக்கடிதம், கணினியைப் பொழுதுபோக்காகக் கையாண்டவர்களை விளித்து எழுதப்பட்டது. அல்ட்டெயர் என்னும் சிறு கணினிக்காகத் தாமும் நண்பர்களும் ஆக்கிய பேசிக் மொழி நிரலைப் பலரும் விலை கொடாது படியெடுத்துப் பயன்படுத்துகின்றனர் என்பது அதன் முறைப்பாடு. ஆக்கத்திற்குச் செலவான கணினி நேரத்தின் பெறுமதி 40,000 டொலருக்கு மேல் என்றும், கிடைத்த உரிமத்தொகையை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு இரண்டு டொலர் கூடத் தேறாதென்றும் அது கணக்குக் காட்டுகின்றது. கூலியின்றி யார் தொழின்முறையில் உழைப்பர் என வினவுகின்றது.

கடிதத்தின் நடை கவனிக்கத்தக்கது. அது தொடக்கத்தில் உழைப்பாளியின் குரலிற் பேசுகின்றது. மணிக்கூலி பற்றிய கணக்கு அக்குரலுக்கு உரியது. ஆயின் அடியிலுள்ள ஒப்பம் கூட்டு வணிக நிறுவனமொன்றின் பங்காளருடையது. உழைப்பின் பேரால் எழும்பும் வாதம் உடைமையின் பேரால் முடிவடைகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடிதம் எங்கும் கடந்து காட்டவில்லை. கடந்ததாகவே பாவனை செய்கின்றது. அப்பாவனையை அடுத்து வந்த வரலாறு அம்பலமாக்கியது. நிறுவனம் வளர்ந்து பல்லாயிரம் நிரலாளரைக் கூலிக்கு அமர்த்தியபோது அவர்கள் எழுதிய நிரல் அவர்களுக்கு உடைமையாகவில்லை. நமது 2003ஆம் ஆண்டுச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தொழிலின்போது ஆக்கப்பட்ட படைப்பின் பொருளாதார உரிமையைத் தொழில்கொள்வோனுக்கே வழங்குகின்றது. கொழுந்து பறித்தவளுக்குத் தேயிலை சொந்தமாகாதது போலவே நிரல் எழுதியவனுக்கு நிரல் சொந்தமாகாது.

மேலும், கடிதம் திருட்டு எனக் கூறிய செயல் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை வழக்காறாக இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1969இல் மென்பொருளை வேறாகப் பிரித்து விலையிடப்போவதாக அறிவிக்கும்வரை, நிரல்கள் பெரும்பாலும் இயந்திரத்தோடு சேர்த்தே வழங்கப்பட்டன. பயனாளர் தம்முள் அவற்றைப் பகிர்ந்தும் திருத்தியும் வந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் பதிப்புரிமைச் சட்டம் நிரல்களை வெளிப்படையாகத் தன்னுள் அடக்கியது 1980இலேயே ஆகும். ஆகவே 1976ஆம் ஆண்டுக் கடிதம், இருந்த உடைமையைக் காக்கும் ஆவணமன்று. உருவாகிக்கொண்டிருந்த உடைமைக்கு ஒழுக்க நியாயம் கற்பிக்கும் ஆவணம். மாத்தளையிற் கட்டளைச்சட்டம் செய்ததைக் கணினி உலகிற் சட்டத்துக்கு முன்பாகவே ஒரு கடிதம் செய்ய முயன்றது எனலாம்.

இவ்வொப்புமையின் எல்லையையும் குறித்தல் வேண்டும். நிலத்தை ஒருவன் அடைத்தால் மற்றவன் இழக்கின்றான். நிரலை ஒருவன் படியெடுத்தால் மற்றவனிடமுள்ளது குறைவதில்லை. நிலத்தின் அருமைக்கு இயற்கை ஓரளவு காரணம். நிரலின் அருமை முழுவதும் சட்டத்தினால் ஆக்கப்படுவது. எனவே நிரலை வேலியிடுவதற்கான நியாயம் நிலத்தை வேலியிடுவதற்கான நியாயத்தைக் காட்டிலும் மெலிந்தது என்ற முடிவுக்கே இவ்வேறுபாடு நம்மை இட்டுச் செல்கின்றது.

2. துண்டு

கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்த வடபாதை, மன்னார்க் கரையிலிருந்து காடு கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்தது. வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோர் மலைநாட்டில் முதன்முதற் கால்வைத்த ஊர்களுள் மாத்தளை முக்கியமானது. தோட்டத்தில் நுழைவதற்கு அவர்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. மாறாக, முற்பணம் கொடுக்கப்பட்டது. பயணச் செலவும் அரிசியும் கம்பளியும் அம்முற்பணத்தில் எழுதப்பட்டன. விலை, வெளியேற முற்பட்டபோதே தெரிந்தது. வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, குறிப்பிட்ட கடன் தீர்க்கப்பட்டால் விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இன்றி நகர இயலாது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தித் தொழிலாளியைப் பெற்றுக்கொள்ளும். கடன் புதிய இடத்திலும் அவனைத் தொடரும். 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை இம்முறை நீடித்தது.

தனியுடைமை மென்பொருளின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள 'துண்டு' என்ற மலையகச் சொல் மிகப் பொருத்தமானது. பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சலுகை விலையிலோ விலையின்றியோ நிறுவனங்கள் வழங்கும் மென்பொருள் முற்பணத்தின் தொழிலைச் செய்கின்றது. மாணவர் அதிற் பழகுகின்றனர். ஆவணங்கள் அதன் மறைமுக வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. அலுவலர் அதன் நடைமுறைகளையே வேலை என்று கற்கின்றனர். பத்தாண்டு கழித்து வேறொன்றுக்கு மாற விழையும் நிறுவனத்தின் முன், இதுவரை சேர்ந்த ஆவணங்களும் பழக்கங்களும் கடனாக எழுந்து நிற்கின்றன. மாற்றத்தின் செலவு அதிகம் என்பது திறந்தமூலத்துக்கு எதிரான வாதமாக எடுத்துரைக்கப்படுகின்றது. அச்செலவு பழைய உடைமை உறவு எழுதிவைத்த கடன் என்பது மறைக்கப்படுகின்றது.

இக்கடன் பெரும்பாலும் அந்நிய நாணயத்தில் எழுதப்படுவது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது; மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. ஆண்டுக்கு 100 டொலர் சந்தா பெறும் மென்பொருள் ஒன்று, அதில் எழுத்தொன்றுகூட மாறாத நிலையில், 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாக உயர்ந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாதிருந்த நாட்டில், தன் சொந்த ஆவணங்களைத் திறந்து பார்ப்பதற்கு ஓர் அலுவலகம் டொலர் தேட வேண்டியிருந்ததெனின், அங்கு விலையைக் காட்டிலும் இறைமையே கேள்விக்குள்ளாகின்றது.

வில்லனுவேவாவின் கடிதத்தின் சிறப்பு இவ்விடத்தில் விளங்கும். அரச நிறுவனங்கள் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தல் வேண்டும் என்ற சட்டமூலத்தை அவர் பெருவில் முன்வைத்தபோது, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அந்நாட்டு முகாமையாளர் அதனை எதிர்த்து எழுதினார். 2002 ஏப்ரலில் அதற்கு வில்லனுவேவா அளித்த மறுமொழி எதிர்வாதத்தைப் பந்தி பந்தியாக எடுத்து விடையிறுக்கின்றது. நமது உரையாசிரியர்கள் பிறர் கூற்றை எடுத்துக்காட்டி மறுத்துத் தம் கோள் நிறுவும் முறையை அது நினைவூட்டும். செலவுக் குறைப்பு சட்டமூலத்தின் முதல் நோக்கமன்று என்று அவர் தெளிவுபடுத்துகின்றார். அரச தகவலைக் குடிமக்கள் தடையின்றி அணுகல், அத்தகவல் காலங்கடந்தும் நிலைத்தல், அரசினதும் குடிமக்களினதும் பாதுகாப்பு ஆகிய மூன்றையுமே அவர் அடிப்படைகளாக வகுக்கின்றார். விவாதத்தை விலையிலிருந்து உடைமைக்கு நகர்த்தியமையே அக்கடிதத்தின் வரலாற்றுப் பங்களிப்பு.

தமிழ்ப் புலமையாளராகிய நாம் இத்துண்டினை நமது கையாலேயே எழுதிக்கொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இலங்கையில் 1990களிலும் 2000களிலும் பெருந்தொகையான தமிழ்க் கட்டுரைகளும் சஞ்சிகைகளும் நூல்களும் பாமினி முதலான எழுத்துருக்களிலேயே தட்டெழுதப்பட்டன. அவ்வெழுத்துருக்களில் உரோம எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். இவ்வெழுத்துருக்கள் பெரும்பாலும் விலையின்றியே கைக்குக் கை மாறின. விலையே சிக்கலாயின் இங்கு சிக்கல் எழுந்திருத்தலாகாது. பொதுவான, வெளிப்படையான நியமம் ஒன்று இன்மையால், இலவசமாகக் கிடைத்ததும் நம்மைக் கட்டிவைத்தது. ஒருங்குறி நியமம் 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தும் அது நமது வழக்கில் வேரூன்ற நெடுங்காலம் சென்றது. இடைப்பட்ட காலத்து எழுத்துகளுள் எத்தனை இன்று வாசிக்கப்படாமற் கிடக்கின்றன என்பதை ஒவ்வோர் ஆய்வாளரும் தத்தம் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்து அறியலாம்.

இதற்கு விடை தேடிய முயற்சிகளுள் 'எ-கலப்பை' குறிப்பிடத்தக்கது. தமிழா என்னும் தன்னார்வக் குழுவினர் உருவாக்கிய இவ்வுள்ளீட்டு மென்பொருள், தொடக்கத்தில் கீமேன் என்னும் தனியுடைமை நிரலைச் சார்ந்து இயங்கியது. பின்னர் அச்சார்பு நீக்கப்பட்டுத் திறந்தமூலமாக மீள எழுதப்பட்டது. பயனாளனுக்கு அது முன்னரும் இலவசம், பின்னரும் இலவசம். விலை நோக்கில் எதுவும் மாறவில்லை. உடைமை நோக்கில், கலப்பை உழவனுடையதாயிற்று.

3. அலுவிகாரையின் பாடம்

மாத்தளை நகருக்கு வடக்கே அண்மையிலுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை மனனமாகப் பேணப்பட்ட பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. பஞ்சமும் போரும் மனனஞ் செய்தோரை அழித்துவிடக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணமெனக் கூறப்படும். 1848ஆம் ஆண்டு மாத்தளையில் வரிச்சுமைக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். அக்கிளர்ச்சியை ஒடுக்கிய படையினரின் கையில் அலுவிகாரையின் ஏட்டுச் சேமிப்பும் அழிவுற்றது. கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை இலண்டனில் அச்சேறியதும் அதே ஆண்டிலேயே.

ஏடு அழிந்தது, திரிபிடகம் அழியவில்லை. இலங்கையின் ஏனைய விகாரைகளிலும் பர்மாவிலும் சயாமிலும் அதன் படிகள் இருந்தன. படியெடுத்தல் புண்ணியமெனக் கருதப்பட்டதேயன்றிக் களவெனக் கருதப்படவில்லை. இதற்கு மறுதலையான அனுபவம் நமக்கு உண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்த காலத்தில், பெட்டியிற் பூட்டிவைக்கப்பட்டுச் செல்லரித்துப் போன சுவடிகள் எத்தனை என்பதை அவர்களுடைய பதிப்பு வரலாறு கூறும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பிறிதோர் இடத்திற் படியில்லாதவை என்றென்றைக்குமாக இழக்கப்பட்டன. படியெடுக்கும் உரிமை என்பது வாசகனுக்கு வழங்கப்படும் சலுகையன்று. அது எழுத்து உயிர்வாழ்வதற்கான நிபந்தனை.

ஸ்டோல்மன் 1985இல் வெளியிட்ட அறிக்கையின் வலிமை இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டதிலேயே உள்ளது. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடத்தில், பகிர்தலையே வழக்கமாகக் கொண்ட நிரலாளர் சமூகம் குலைந்ததைக் கண்டவர் அவர். அச்சுப்பொறி ஒன்றின் மூலநிரல் தமக்கு மறுக்கப்பட்ட அனுபவத்தையும் அவர் பலவிடத்துக் கூறியுள்ளார். 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த அவர், தம் அறிக்கையில், தமக்குப் பிடித்த நிரலை அதனை விரும்பும் பிறரோடு பகிர்ந்துகொள்ளல் கடமை என்ற அறநெறியிலிருந்தே வாதத்தைத் தொடங்குகின்றார். 1989இல் வெளிவந்த பொது மக்கள் உரிமம் அவ்வறத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. நிரலை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம். ஆயின் திருத்தியதைப் பரப்புவோர் அவ்வுரிமைகளைப் பிறருக்கு மறுத்தலாகாது. வேலி அடைக்க வகுக்கப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தையே வேலி அடைப்பதைத் தடுக்கும் கருவியாக்கிய இவ்வுத்தி மெச்சத்தக்கது.

எனினும் அவ்வறிக்கையின் குறைபாடும் அதன் அறநெறியிலேயே உள்ளது. அதிலே நண்பன் வருகின்றான், அயலான் வருகின்றான், வர்க்கம் வருவதில்லை. தன் கருவியைத் தானே உடைய சுதந்திரக் கைவினைஞனின் உலகமே அதன் இலட்சிய உலகம். இயந்திரத்தையும் சந்தையையும் கைவசம் வைத்திருப்போரும், அறிவு மட்டுமே உடையோரும் ஒரே நிரலைச் சம உரிமையோடு பெற்றால் நிகழ்வது என்ன என்ற வினாவை அது எழுப்பவில்லை. அலுவிகாரை மரபையும் நாம் இலட்சியமயப்படுத்தலாகாது. அம்மரபின் பின்னால் விகாரை நிலங்களில் உழைத்த குடிகள் இருந்தனர்; எழுத்தறிவு எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. தமிழ்ச் சூழலிலும் சுவடியைத் தொடும் உரிமை சாதியினால் வரையறுக்கப்பட்டிருந்தது. எழுத்து திறந்திருத்தல் வேறு, அதனைக் கையாளும் வாய்ப்பு யாவர்க்கும் இருத்தல் வேறு.

4. பொதுச் சொத்தும் உழைப்பும்

பேராசிரியர் கைலாசபதி தமது தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வில் (1968), பாணர் மரபுக்குப் பொதுவாயிருந்த வாய்பாடுகளையும் அடிக்கருத்துகளையும் கொண்டே வாய்மொழிப் புலவர் பாடினர் என நிறுவினார். ஒவ்வொரு பாடலும் பொதுவிலிருந்து எடுக்கப்பட்டது. பாடி முடிந்ததும் பொதுவிற் சேர்ந்தது. மலையகத் தோட்டங்களிற் பிறந்த பாடல்களின் இயல்பும் அதுவே. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டித் தந்த அப்பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. கங்காணி பெயரும் துரை பெயரும் மலைப் பெயரும் இடத்துக்கு இடம் மாறின. நிரலாளர் ஒருவர் எழுதியதைப் பிறர் எடுத்துத் தம் தேவைக்கேற்பத் திருத்தும் கட்டற்ற மென்பொருள் முறைமையை நமது மாணவருக்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

ஆயின் பொதுவில் உள்ளது தானாகவே உழைத்தோரிடம் தங்கிவிடுவதில்லை. நமது புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளை வணிக நோக்கிற் பயன்படுத்துவதற்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை அரசின் கையில் வைக்கின்றது. அப்பாடலைப் பாடிய தோட்டத்துக் கூட்டத்திடம் வைக்கவில்லை. பத்திரம் இல்லாத சேனை முடிக்குரியதானது போன்று, ஆசிரியன் இல்லாத பாடல் அரசுக்குரியதாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழும் பத்திரம் காட்ட இயலாதவர்களாகவே மலையகத் தமிழர் நாடற்றோராக்கப்பட்டனர். பொதுமைக்குக் காவலாக வெளிப்படையான விதி ஒன்று இல்லாவிடின், எழுதப்படாத உரிமையை எழுதப்பட்ட அதிகாரம் விழுங்கும் என்பதே இவ்வட்டாரத்தின் நீண்ட அனுபவம்.

'திறந்தமூலம்' என்ற பெயர் 1998இல் வழங்கத் தொடங்கியமையை இந்நோக்கிற் காணல் வேண்டும். வணிக நிறுவனங்களை ஈர்க்கும்பொருட்டு, உரிமை பற்றிய பேச்சினை ஒதுக்கி, ஆக்கமுறையின் திறனை முன்னிறுத்தவே அப்பெயர் தெரிவுசெய்யப்பட்டது. அதன் விளைவு கண்கூடு. லினக்ஸைத் தன் வணிகத்தின் அடித்தளமாகக் கொண்ட ரெட் ஹற் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019இல் 3,400 கோடி டொலருக்கு வாங்கி முடித்தது. உலகெங்குமுள்ள நிரலாளர் தம் திறந்த நிரல்களைச் சேமிக்கும் கிற்ஹப் தளத்தை மைக்ரோசொப்ட் 2018இல் 750 கோடி டொலருக்கு வாங்கியது; அங்கு குவிந்த நிரல்களைக் கொண்டு பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் சந்தா விலைக்கு விற்கின்றது. இதற்கு மறுபுறத்தில், இணையத் தொடர்புகளின் மறைகாப்புக்கு உலகம் பெரிதும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலிற் பாரதூரமான வழு 2014இல் வெளிப்பட்டபோது, அதனைப் பராமரித்த முழுநேர ஊழியர் ஒருவரே என்பதும், அதற்குக் கிடைத்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலரே என்பதும் தெரியவந்தது. பொதுச் சொத்து பெருமுதலுக்கு விலையில்லா மூலப்பொருளாகலாம் என்பதற்கு இவை சான்றுகள். ஐந்து சிலிங் காணியை இவை நினைவூட்டினால் வியப்பில்லை.

ஆகவே கேற்சின் கடிதம் எழுப்பிய வினாவை, அதன் விடையை நிராகரித்த பின்னரும், நாம் கையேற்கவேண்டியுள்ளது. உழைப்போன் எதனை உண்பான்? நிரலை வேலியிடுதல் அவனுக்கு உணவளிக்கவில்லை, வேலியிட்டவனுக்கே அளித்தது. நிரலைத் திறந்துவிடுதலும் தன்னளவில் அவனுக்கு உணவளிக்கவில்லை. நிரலாக்கம் சமூக உழைப்பு. அதற்கான ஊதியம் சமூகத்தின் பொது வளத்திலிருந்து வருதல் வேண்டும் என்பதே முரணற்ற விடையாகும்.

இது கற்பனையன்று என்பதற்கு நமது நாட்டிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்யும்பொருட்டு இலங்கை நிரலாளர் 'சஹன' என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் பெயருடைய அது, பின்னர் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் திறந்தமூலச் சுகாதாரத் தகவல் முறைமையை அடியாகக் கொண்டு, கொவிட் நோய்க் கண்காணிப்புக்கான நிரல் இலங்கையில் ஆக்கப்பட்டு ஏனைய நாடுகளுக்கும் பரவியது. இரண்டிலும் இலங்கை வாங்கும் நாடாக மட்டும் இருக்கவில்லை. கொடுக்கும் நாடாகவும் இருந்தது. மூலநிரல் மூடப்பட்டிருப்பின் அக்கொடை நிகழ்ந்திராது. தமிழிலும், 2003இல் மயூரநாதன் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்த 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின் மீதே கட்டப்பட்டன. எரிந்த நூலகத்துக்கு ஒரு தலைமுறையின் பின் கிடைத்த விடை, படியெடுக்கும் உரிமையின் மேலேயே நிற்கின்றது.

ஆசிரியன் பெயர் பற்றி ஒரு சொல். பொதுமை என்றவுடன் பெயர் அழிந்துவிடும் என அஞ்சுவோர் உளர். மலையகத்தில் பெயரற்ற பாடலிலிருந்து பெயருள்ள சிறுகதைக்கு வந்த பயணம் விடுதலையின் பயணம். அதனை நாம் குறைத்து மதிக்கவில்லை. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு ஆகியோர் தம் பெயருக்கு முன் ஊரை நிறுத்தியமை, பெயர் என்பது தனியுடைமையின் முத்திரையாக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்பதைக் காட்டும். கட்டற்ற உரிமங்களும் ஆக்கியோன் பெயரை அழிப்பனவல்ல. பெயரைக் காத்துக்கொண்டே பூட்டினைத் திறப்பன.

5. முடிவாக

மூன்று ஆவணங்களையும் ஒருசேர நோக்குமிடத்து, முதலாவது உழைப்பின் மொழியில் உடைமையைப் பேசியது. இரண்டாவது அறத்தின் மொழியில் உரிமையைப் பேசியது. மூன்றாவது குடிமையின் மொழியில் இறைமையைப் பேசியது. உழைப்போனின் மொழியில் உழைப்பைப் பேசும் நான்காவது ஆவணம் இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.

அதுவரை நாம் வற்புறுத்த வேண்டியவை சில உள. பொதுப்பணத்தில் ஆக்கப்படும் நிரல் பொதுமக்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும்; அதன் உரிமம், பெற்றவர் மீண்டும் வேலியிடுவதைத் தடுப்பதாக அமைதல் வேண்டும். அரச ஆவணங்களும் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் வெளிப்படையான நியமங்களிலேயே சேமிக்கப்படல் வேண்டும். கேரளத்தின் அரச பாடசாலைகள் 2000களின் நடுப்பகுதி தொட்டுக் கட்டற்ற மென்பொருளிற் கற்பித்து வருவதை நமது கல்வியாளர் ஆராய்தல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் மென்பொருளை ஆக்கிப் பராமரிப்போருக்கு, ஓய்வுநேரத் தொண்டு என்ற புகழுரையோடு நின்றுவிடாது, பல்கலைக்கழகங்களில் ஊதியமுள்ள பதவிகள் ஏற்படுத்தப்படல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றை எந்த அமைச்சின் அனுமதிக்கும் காத்திராது நமது சங்கமே தொடங்கலாம். பழைய எழுத்துருக்களில் உறைந்து கிடக்கும் மலையக எழுத்துகளையும் ஆய்வேடுகளையும் ஆசிரியர்களின் இசைவுடன் திரட்டி, ஒருங்குறிக்கு மாற்றி, படியெடுக்கும் உரிமையோடு வெளியிடுதலே அது. அலுவிகாரையில் எழுத அமர்ந்தோர், மனனஞ் செய்த கடைசி மனிதன் இறப்பதற்கு முன் எழுதி முடித்துவிட எண்ணினர். பழைய கோப்புகளைத் திறக்கவல்ல கடைசிக் கணினி பழுதடைவதற்கு முன் நாமும் நமது பணியை முடித்துவிடல் வேண்டும்.